அச்சுவின் காதும் மாமன் மடியும்

மற்ற தொழிலில் எல்லாம் வாடிக்கைக்காரர் வாசலுக்கு வந்து "வாங்க வாங்க" என்று கூப்பிடுவார். என் தொழிலில் வாடிக்கைக்காரர் என்னைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

வீடு வீடாகப் போய் நாயைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, காதைச் சுத்தம் பண்ணிவிட்டு வருவதுதான் என் பிழைப்பு. பேர் பாப்பாத்தி. படிப்பு அஞ்சாவதோடு சரி. முதலில் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கினேன். அப்புறம் நாமக்கல்லில் ஒரு கால்நடை டாக்டரிடம் நாய் பிடித்துக்கொடுக்கிற வேலை. அவர் ஊசி போடுவார், நான் பிடித்துக்கொள்வேன். கும்பிடு அவருக்கு, கடி எனக்கு. இப்போது அவர் சொல்லி அனுப்புகிற வீடுகளுக்கு நானே பஸ் ஏறிப் போகிறேன். பையில் பஞ்சு, காது கழுவுகிற மருந்து, பழைய துண்டு, லஞ்சம் கொடுக்க ஒரு பொட்டலம் வறுக்கி ரொட்டி. நாய் வளர்க்கிறவங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈர நாய் உதறும்போது எதிரில் நின்றவர்கள் எல்லாரும் நாம் ஒரே கட்சிதானே.

புளித்த மாவு

புதுச்சத்திரத்தில் ஹைவே ஓரமாக டயர் கடை வைத்திருக்கிறவர் செங்கோட்டுவேல். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் சம்சாரம் சாந்தாமணி போன் பண்ணி, "அக்கா, அச்சு தலையை ஆட்டிட்டே இருக்குதுங்க, சித்த வந்து பாருங்க" என்றாள். அச்சு என்றால் அச்சுவெல்லம். அதே கலரில், தொங்கு காதோடு ஒரு லாப்ரடார். கடிக்கவே கடிக்காது. ஆனால் காதைத் தொட்டால் போதும், பிடித்த ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும்.

காதைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே செக்கச் சிவந்து கிடந்தது. காப்பிக் கசண்டு மாதிரி அழுக்கு. புளித்த வாடை. சாந்தாமணி தலையில் கை வைத்துக்கொண்டாள். பாவம், வீட்டில் புளிப்பு வாடை அடிக்கிறதே என்று தோசை மாவைக் கொட்டியிருக்கிறாள். மறுபடி ஆட்டி, மறுபடியும் கொட்டியிருக்கிறாள். பிரிட்ஜைக் கழுவி, சாக்கடைக் குழாயில் பிளீச்சிங் பவுடர் போட்டு என்னென்னவோ பார்த்திருக்கிறாள். அந்த வாடை வாலை ஆட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்திருக்கிறது.

டாக்டரிடம் கூட்டிப் போனோம். வலது காதில் காளான் கிருமி என்றார். காதைக் கழுவிச் சொட்டு மருந்து போடணும், காலையும், சாயங்காலம் பொழுதோடயும், ஒருவேளை விடாமல். "விட்டு விட்டுப் போட்டா உள்ள சதை தடிச்சு துவாரமே அடைஞ்சிரும். அப்புறம் கத்திதான்" என்று சொல்லிவிட்டார். சாந்தாமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செங்கோட்டுவேலுக்கும் முகம் வாடித்தான் போனது. ஆனால் அவருக்கு இன்னொரு வெசனமும் இருந்தது. வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இத்தனை நாளா ரவை உப்புமாத் தின்னுட்டுக் கெடந்தனுங்க. அப்ப அந்த மாவு மேல ஒரு குத்தமும் இல்லீங்களா?"

காற்று

மருந்து போடுவது பெரிய வித்தை இல்லை. கழுவுகிற மருந்தைக் காது நிறைய விட்டு, காதின் அடிப்பக்கத்தைக் கையால் பிசைய வேண்டும். சளக் சளக் என்று சத்தம் வரும். அப்புறம் நாயை உதறவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மேலே வந்த அழுக்கைப் பஞ்சால் துடைக்க வேண்டும், அதுவும் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்தான். காய்ந்த பிறகு சொட்டு மருந்து. வாயால் சொல்லும்போது எவ்வளவு சுளுவாக இருக்கிறது பாருங்க! சாந்தாமணி முதல் நாள் போட்ட மருந்தில் பாதி அவள் கொண்டையில் இருந்தது. மீதி சுவரில்.

மறுநாள் போனால் வீட்டில் நாயைக் காணோம். கடையில் இருந்தது. செங்கோட்டுவேல் ஒரு கையில் நாயையும் இன்னொரு கையில் கம்ப்ரசர் குழாயையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "அடைப்புன்னா காத்துதானுங்க அக்கா. ஒரு அடி அடிச்சா உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வந்துருமுங்க" என்றார். நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். "கேளு சாமி, நாய்க்காது நம்ம காதாட்டம் இல்ல. கெணறு நேரா எறங்கி அடியில சைடு போர் போட்ட மாதிரி, கீழ எறங்கி உள்ளாற திரும்புது. மேலிருந்து காத்தடிச்சா அழுக்கு சைடு போர்ல போயி உக்காந்துக்கும். சவ்வு கிழிஞ்சா நாய் செவுடு" என்றேன். அவருக்குக் கிணறு என்று சொன்னதும் புரிந்துவிட்டது.

ஆனால் நான் வருவதற்கு முன்னால் அவர் சும்மா ஒருதரம் 'புஸ்' என்று அழுத்திப் பார்த்திருக்கிறார் போல. குழாயைக் கீழே வைக்கும்போது அது இன்னொரு தடவை சீறியது. அச்சு சங்கிலியை உருவிக்கொண்டு ஓடி, காற்றுப் பிடிக்க வந்து நின்ற ஒரு லாரிக்கு அடியில் நுழைந்துகொண்டது. கூப்பிட்டோம், கெஞ்சினோம். நான் தரையில் படுத்து வறுக்கியை நீட்டினேன். கையில் இருந்தது தீர்ந்து, லாரிக்காரர் தன் டீக்கு வாங்கி வைத்திருந்ததையும் வாங்கி நீட்டினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "டயர்ல காத்துக் கம்மின்னு வந்தனுங்க. இப்பக் காத்தும் இல்ல, வண்டியும் நவுராது, வறுக்கியும் போச்சுங்க."

பஞ்சு

அந்த வாரம் செங்கோட்டுவேலின் அக்கா குமாரபாளையத்திலிருந்து ஒறம்பரையாக விருந்துக்கு வந்திருந்தாள். அங்கே வீட்டோடு விசைத்தறி. நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருந்து இருந்து, பக்கத்தில் நிற்கிறவரிடமும் பத்து தறி ஓடுகிற மாதிரிதான் பேசுவாள். அவள் "வாங்க" என்றால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவரும் திரும்பிப் பார்ப்பார்.

நான் போனபோது வீடே துக்க வீடு மாதிரி இருந்தது. "அக்கா, அச்சுக்குக் காது கேக்காமப் போயிருச்சுங்க" என்று சாந்தாமணி என்னிடம் அழுகிறாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. தட்டைத் தட்டினால் திரும்பவில்லை. அது ஜம்மென்று தூங்கிக்கொண்டிருந்தது. காதைத் தூக்கினேன். உள்ளே சிவப்பாக என்னமோ தெரிந்தது. ரத்தம் என்று நினைத்துப் பதறிப்போனேன். பிடித்து இழுத்தால் நூல்! சிவப்பு வந்தது, பின்னாலேயே பச்சை வந்தது, அதற்குப் பின்னால் லுங்கிக் கரைக்கு ஓட்டுகிற நீலம். மருந்து வெளியே வழியக் கூடாதென்று அக்காக்காரி கழிவு நூலைச் சுருட்டி ரெண்டு காதிலும் அடைத்திருக்கிறாள். உள்ளே காற்றே போகாமல் காது வெந்துபோய், வாடை முன்னைக்கு இப்போது ஜாஸ்தி.

"குளிக்க வெக்கும்போது தண்ணி போகாம இருக்கப் பஞ்சு வெக்கலாமுங்க. குளிச்சதும் எடுத்துப்போடணும். இப்படி அடைச்சு வெச்சா காளானுக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி நியாயம் சொன்னாள்: "பஞ்சு வெக்கலீன்னா நாய் எப்படீங்க தூங்கும்? ஊட்டுக்குள்ள நான் பேசிட்டு இருக்கறனுல்லொ!"

பட்ஸ்

நடுவில் நாமக்கல்லில் ஒரு வீடு. இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி. சப்பை மூக்கு நாய் ஒன்று வைத்திருந்தார்கள். அந்தப் பையன் டி.வி. பார்த்துக்கொண்டே நாய்க் காதில் பட்ஸ் விட்டுக் குடைந்துகொண்டே இருப்பான். நாயும் சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொள்ளும். காது உள்ளே தோல் உரிந்து கிடந்தது. "வாரம் ஒருக்கா மேலாகத் தொடைச்சாப் போதும் சாமி, பட்ஸ் விட்டா அழுக்கு உள்ளதான் போவும்" என்று சொல்லிப் புரியவைத்துக் கிளம்பினேன். அந்தப் பொண்ணு பட்ஸ் டப்பாவைக் கொண்டுவந்து என் பையில் போட்டாள். "நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க அக்கா. நாய் முடிஞ்சதும் அடுத்ததா என்ற காதைத்தான் பாக்கறாரு."

மாமன் மடி

அச்சு கதைக்கு வருகிறேன். மறுபடி டாக்டர் பார்த்தபோது அவர் முகம் நன்றாக இல்லை. மருந்து சரியாக உள்ளே போகவில்லை, சதை தடிக்க ஆரம்பித்துவிட்டது, இனி ஒழுங்காகப் போடாவிட்டால் ஆபரேஷன்தான் என்றார். வீட்டுக்கு வந்து நாங்கள் மூணு பேர் சேர்ந்து பிடித்தோம். அச்சு எங்கள் மூணு பேரையும் துணி உலர்த்துகிற கொடியோடு சேர்த்துச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. சாந்தாமணி என்னைச் சமையல் கட்டுக்குக் கூப்பிட்டு, காதோடு காதாகச் சொன்னாள்: "அது எங்கண்ணன் மடியில மட்டுந்தானுங்க அடங்கும்."

அவள் அண்ணன் குழந்தைவேலு, மோகனூரில் கரும்புக் காடு. அச்சு அவர் வளர்த்த குட்டி. அவர் மடியில் உட்கார்ந்து டிராக்டரில் காட்டைச் சுற்றிய நாய். தங்கச்சி புது வீடு புகும்போது பித்தளைக் குடம், குத்துவிளக்கோடு சேர்த்துச் சீராகக் கொண்டுவந்து விட்டார். அதற்கப்புறம்தான் சண்டை. சாந்தாமணி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்தணும்? மாமன் சீர்த்தட்டோடு வேனில் கிளம்பினார். வழியில் டயர் வெடித்துவிட்டது. இங்கே நல்ல நேரம் போகிறது என்று செங்கோட்டுவேல் அவசரப்பட்டு, பங்காளி ஒருவர் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் குத்திவிட்டார். மாமன் வந்து சேரும்போது குழந்தை காதில் தோடு ஆடுகிறது. சீர்த்தட்டை வைத்துவிட்டு, பந்தியில் கை நனைக்காமல், "இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டன்" என்று போனவர்தான். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வெடித்த டயர் செங்கோட்டுவேல் கடையில் பஞ்சர் ஒட்டியது. "ஒட்டுனவன் சரியில்ல" என்பது மாமன் கட்சி. "ஓட்டுனவன் சரியில்ல" என்பது கடைக்காரர் கட்சி.

சாந்தாமணி போன் பண்ணினாள். தனக்காகக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாரோ என்னமோ, நாய்க்கு என்றதும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் கேட்டுக்கு உள்ளே வரவில்லை. வெளியே ஒரு பழைய லாரி டயர் கிடந்தது, அதன் மேல் உட்கார்ந்தார். அச்சு பாய்ந்து வந்து, ஒரு மூட்டை அரிசி கனம் இருக்கிற உடம்பைத் தூக்கி அவர் மடியில் வைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டது. நான் மருந்து விட்டேன், பிசைந்தேன், சளக் சளக். அசையவில்லை. முடிந்ததும் ஒரே உதறல். அவர் வெள்ளைச் சட்டை முழுக்கக் காப்பிப் பொட்டு. அதைத் துடைக்கக்கூட இல்லை. வீட்டுக்குள்ளே கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னார்: "மடியில வெச்சுக் காதுல கை வெக்க எனக்கு ஒரு நாயாவது குடுத்துவெச்சிருக்குதே சாமி!"

தூது

அன்றிலிருந்து காலையில் ஒருதரம், பொழுதோட ஒருதரம் மோகனூரிலிருந்து பைக் வந்துவிடும். சாந்தாமணியே மருந்து விடப் பழகிக்கொண்டாள். நானும் மற்ற வீடுகளுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பேன், நிஜத்தைச் சொன்னால் வேடிக்கை பார்க்கத்தான். மாமனும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். எல்லாம் அச்சு வழியாகத்தான்.

"அச்சு, உங்கூட்டுல குடிக்கத் தண்ணி கெடைக்குமான்னு கேளு" என்பார் இவர் வெளியிலிருந்து. "அச்சு, செம்புல ஊத்தி வெச்சு ரொம்ப நேரமாச்சுன்னு சொல்லு" என்பார் அவர் உள்ளேயிருந்து. நாய் பாவம், பேர் சொல்லுகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பும். மருந்து வழிந்துபோகும். "ரெண்டு பேரும் சித்த நேரம் சும்மா இருங்க, நீங்க பேசப் பேசக் காது காலியாவுது" என்று நான் சத்தம் போட வேண்டியதாயிற்று.

ஒருநாள் போனால், அந்த லாரி டயருக்கு மேலே வெயிலுக்கு ஒரு பெரிய கடைக்குடை நட்டிருக்கிறது. யார் நட்டது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இன்னொரு நாள் குழந்தைவேலு மருந்து போட்டு முடித்துக் கிளம்பினார். கொஞ்ச தூரம் போனவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் கோபம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "அச்சு, என்ற வண்டி முயலாட்டம் குதிக்குது. உங்கூட்டுல ஆரோ எனக்குத் தெரியாம டெய்லி காத்தடிக்கறாங்க. கொஞ்சம் கம்மியா அடிக்கச் சொல்லு."

மழை

காது நன்றாகத் தேறி வந்தது. சிவப்பு குறைந்தது, அழுக்கு குறைந்தது. தண்ணீர் மட்டும் உள்ளே போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒருநாள் பொழுதோட மழை பிடித்துக்கொண்டது. குடை காற்றில் திரும்பிக்கொண்டது. குழந்தைவேலு தோளில் இருந்த துண்டை நாயின் ரெண்டு காதும் மூடுகிற மாதிரி தலையில் கட்டினார். அச்சு அப்போது களை பறிக்கப் போகிற பொம்பளை மாதிரியே இருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர், வாசப்படிக்கு முன்னால் பிரேக் போட்ட மாதிரி நின்றுவிட்டார்.

மழை அவர் முதுகில் கொட்டுகிறது. உள்ளே செங்கோட்டுவேல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, மேலே ஓடுகிற சீலிங் ஃபேனை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறார். "துண்டு நனையுதுங்க, இன்னும் சித்த நேரத்துல காதுக்குள்ள எறங்கிரும்" என்று நான்தான் சொன்னேன். குழந்தைவேலு நாயைப் பார்த்தார், படியைப் பார்த்தார். காலைத் தூக்கி உள்ளே வைத்தபடியே எல்லாருக்கும் பொதுவாக அறிவித்தார்: "நான் உள்ள வரலீங்க. நாய் உள்ள போவுது. நான் அதைப் புடிச்சிருக்கறன், அவ்வளவுதான்."

வாடை போன நாள்

கடைசியாக நான் ஆட்டோவில் அச்சுவைக் கூட்டிப்போனபோது டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். "அருமையா ஆறியிருக்கு. கத்தி வேண்டாம், இனி சொட்டு மருந்தும் வேண்டாம். வாரம் ஒருக்காத் தொடைங்க, குளிச்சதும் ஈரம் இல்லாமப் பாத்துக்குங்க, போதும்" என்றார். நான் சந்தோசமாக அச்சுவையும் இந்தச் சேதியையும் ஏற்றிக்கொண்டு புதுச்சத்திரம் வந்தேன். பொழுதோட மருந்து போடுகிற நேரம். இப்போதெல்லாம் குழந்தைவேலு வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் கிடக்கிற நாற்காலி வரைக்கும் வந்துவிடுகிறார், நாயைப் பிடிப்பதற்காக.

"இனி மருந்தே வேண்டாமுங்க!" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சாந்தாமணி, "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு, அண்ணனுக்கு என்று கையில் வைத்திருந்த காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தைவேலு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நான் வாரன் அம்மிணி, காட்டுல தண்ணி பாய்ச்சோணும்" என்றார். மழைக்காலத்தில் எந்தக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாராம்! செங்கோட்டுவேல் கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். ஏதோ சொல்ல வேண்டும் என்று அச்சுவைத் தேடினார். அச்சு எங்கே இருக்கிறது? அரிப்பும் இல்லை, வலியும் இல்லை, வேப்பமரத்தடியில் நாலு காலையும் பரத்திப் போட்டுக் குறட்டை விடுகிறது. தூது போக ஆள் இல்லை.

குழந்தைவேலு செருப்பை மாட்டிவிட்டார். பைக் சாவி சத்தம் கேட்டது. சாந்தாமணி புருசனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எழுத மாட்டேன், அது அவர்கள் வீட்டு விசயம். செங்கோட்டுவேல் தொண்டையைச் செருமினார். நாயைப் பார்க்கவில்லை, ஃபேனைப் பார்க்கவில்லை. அத்தனை நாளுக்கப்புறம் முதல்முறையாக நேரே மச்சான் முகத்தைப் பார்த்தார். "மச்சான், சித்த நில்லுங்க. அதுக்கு இன்னொரு காது இருக்குதுங்களே?"

அந்த இன்னொரு காதைப் பிறகு நான் முகர்ந்து பார்த்தேன், பால் மாதிரி சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் இன்றைக்கு வரைக்கும் அதற்கு வைத்தியம் நடக்கிறது; நாய்க்காதில் மருந்து விடுவது ஒரு நிமிச வேலைதானுங்க, நாயைப் பிடிக்கிற ஆளைப் பிடிப்பதுதான் மீதித் தொழில் முழுக்க.